கேள்வி கேட்கும் சாஃப்ட்வேரும் புங்க மரத்தடியும்

போன வாரம் டீ குடிக்கும் சாக்கில் நான் என் பழைய அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "மேடம், கட்டட டிசைன் வேலைக்கு எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?" நான் பதில் சொல்லாமல் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடத்துக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது. ஒரு வரியில் சொல்கிற மாதிரி என்னிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதிலுக்குப் பதிலாக ஒரு புங்க மரம்தான் ஞாபகம் வந்தது. ஆகவே அதையே எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள், இல்லையென்றால் வேலையைப் பாருங்கள்.

முதலில் என் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டின் வரைபடம் முடிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நடப்பேன். கேட்டைத் திறப்பேன். செருப்பை எங்கே விடுவது என்று தேடுவேன். இருட்டில் சுவிட்ச் எந்தக் கைக்குத் தட்டுப்படும், மழை பெய்தால் எந்த ஜன்னலை முதலில் சாத்த ஓடுவேன், சமையலறையில் நிற்பவளுக்கு வாசலில் வருவது யார் என்று தெரியுமா, இதெல்லாம் அப்படி நடந்தால்தான் எனக்குப் பிடிபடும். சில நாள் உள்ளேயே வெகுநேரம் இருந்துவிடுவேன். "மேடம், தூங்கிட்டீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். "இல்லப்பா, வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டிருக்கேன்" என்பேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்குத் தூங்குமூஞ்சி மேடம் என்று பெயர். வைத்தவர் யாரென்றும் தெரியும். அவர் இன்னும் உங்களோடுதான் இருக்கிறார், கேட்டுப்பாருங்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு வருஷம் அலுவலகமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பழைய சாஃப்ட்வேரிலேயே தொடர்வதா, புதியதை வாங்குவதா என்று சண்டை. முடிவு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்யாண வீட்டில் சாப்பாட்டு மெனுவை முடிவு செய்வதைவிட மோசமான பொறுப்பு அது. யாரிடம் பேசினாலும் மற்றவருக்கு முகம் வாடியது.

பழைய சாஃப்ட்வேரில் எல்லாமே கோடுதான். சுவரும் கோடு, கதவும் கோடு, தண்ணீர்க் குழாயும் கோடு. குழப்பம் வராமல் இருக்க ஒவ்வொரு வகைக் கோட்டையும் ஒரு லேயரில் போடுவோம். கண்ணாடித்தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைப்பது மாதிரி. லேயருக்கு என்ன பெயர் வைப்பது என்பது வரைபவர் இஷ்டம். எங்கள் மூத்த டிராஃப்ட்ஸ்மேன் மஞ்சுநாத் துமகூருக்காரர். கன்னட வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடித்துவிடுவார். சுவர் லேயருக்கு அவர் வைத்த பெயர் 'கோடே'. கன்னடத்தில் அது சுவர். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் அதைக் 'கோடு' என்று படித்தார்கள். திரையில் சுவர் கோடாகத்தானே இருக்கிறது? ஆகவே ஒருவரும் ஒருவரையும் திருத்தவில்லை, வேலை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பம் தாத்தா காலத்து அரசாங்க உத்தியோகத்திலிருந்து பெங்களூரிலேயே இருப்பது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். அதனால் எனக்கு இந்த வேடிக்கை தெரியும். தெரிந்தும் ரசித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

புது சாஃப்ட்வேரின் சுபாவம் வேறு. அதற்கு வெறும் கோடு பிடிக்காது. நீங்கள் எதைக் கொண்டு வந்து வைத்தாலும் இது என்ன என்று கேட்கும். சுவர் என்றால் எத்தனை கனம், எதனால் கட்டியது? மரம் என்றால் இருக்கப்போகிறதா, போகப்போகிறதா? பதில் சொன்னால் அது தானே வீட்டை எழுப்பி, வெயிலை ஏற்றி, நிழலை விழ வைத்து, நம்மைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் கண்ணை மூடிச் செய்வதை அது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்தது.

சும்மா உட்கார்ந்து பேசுவதைவிட, கையில் இருக்கிற ஒரு வேலையை அதில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அப்போது கையில் இருந்தது அமலாவின் வீடு.

அமலா பிசியோதெரபிஸ்ட். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். பெங்களூர் ஓரத்தில் சந்தாபுராவில் வீடு கட்ட ஒரு சைட் வாங்கியிருந்தார். கீழே அவருடைய கிளினிக், மேலே அவரும் அப்பாவும் இருக்க வீடு, இதுதான் தேவை. முதல் சந்திப்புக்கு அப்பாவையும் கூட்டி வந்தார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சில் கல் தூசி தங்கிவிட்டது என்று அமலா சொன்னார். ஏ.சி. போட்டு மூடியிருந்த எங்கள் மீட்டிங் அறையில் அவர் மூச்சு விடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மரம் அறுப்பது போல இழுத்து இழுத்து வந்தது. நான் ஹால், படுக்கையறை என்று விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் மெதுவாக எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் ரோட்டோரம் நின்றுகொண்டார்.

"அப்பாவுக்கு மூடின ரூம்னாலே ஆகாது மேடம்" என்றார் அமலா. "சுரங்கத்துல கீழயே இருந்தவராச்சே. தலைக்கு மேல கூரை இருந்தா மூச்சு நின்னுடுமோன்னு பயம். டாக்டரும் வெளிக்காத்துல வெச்சுக்கங்கன்னுதான் சொல்றாரு. அந்த சைட்டயே எதுக்கு வாங்கினேன்னு நெனைக்கிறீங்க? முன்னால ஒரு புங்க மரம் இருக்குது. அதுக்கடியில குந்தினா மூச்சு எறங்கிடுது. தெனமும் வாடகை வீட்டுலேர்ந்து நடந்து போயி அங்கதான் குந்திக்கிறாரு. மரம் மட்டும் இருக்கணும் மேடம். மத்தது நீங்க எப்படிப் போட்டாலும் சரி."

சைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வயலாக இருந்த காலத்தில் யாரோ அந்த மரத்தைச் சுற்றிக் கல் அடுக்கி வட்டமாக மேடை கட்டியிருந்தார்கள். கல் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. புங்கப் பூ உதிர்ந்து அதன்மேல் ஒரு விரிப்பே போட்டிருந்தது. நான் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. கேட்டிலிருந்து கிளினிக்குக்குப் போகும் சரிவுப் பாதையை அந்த மரத்தைச் சுற்றி வளைத்துப் போடுவது என்று அங்கேயே தீர்மானித்தேன். மஞ்சுநாத் அளந்து வரைந்தார். நடுவில் மரத்துக்கு ஒரு வட்டம், வெளியே மேடைக்கு ஒரு வட்டம். இரண்டையும் ஒரே லேயரில் போட்டுத் தன் வழக்கப்படி ஒரு பெயர் வைத்தார்.

இந்த வரைபடத்தைத்தான் புது சாஃப்ட்வேருக்குள் ஏற்றும் வேலையை வினோதினியிடம் கொடுத்தோம். ஆம்பூர்ப் பெண். பெங்களூருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கெட்டிக்காரி. சந்தாபுரா சைட்டை மட்டும் அவள் பார்த்ததில்லை, ஏனென்றால் அவள் சேர்வதற்கு முன்பே அளவெடுப்பு முடிந்துவிட்டது. ஒரு வாரம் தலை நிமிராமல் உட்கார்ந்து வீட்டை எழுப்பினாள்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து அதை விற்க வந்த தம்பி வைட்ஃபீல்டிலிருந்து டிராஃபிக்கில் நீந்தி, வியர்வையோடு வந்து சேர்ந்தார். மாதக் கடைசிக்குள் முடிவு சொன்னால் சலுகை உண்டு என்று உட்காருவதற்கு முன்பே சொன்னார். பெரிய திரையில் அமலாவின் வீடு எழுந்து நின்றது. என்ன அழகு! கேட் திறந்தது. காலை வெயில் முற்றம் முழுக்க வெள்ளையாக விழுந்தது. நாங்கள் எல்லோரும் காற்றில் மிதப்பது போல உள்ளே போனோம். பாதை நேராக, வழுக்கிக்கொண்டு, கிளினிக் கதவுக்குப் போனது. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எனக்கு மட்டும் கால் இடறியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கால் எப்படி இடறும் என்று கேட்காதீர்கள். பழக்கப்படி நானும் உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்தேன். கேட்டைத் தாண்டியதும் என் கால் இடது பக்கம் திரும்பப் பார்த்தது. திரை நேராகப் போனது. உச்சந்தலை வேறு சுட்டது. என்னவோ இல்லை. என்ன இல்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. "இன்னொரு தடவை கேட்லேர்ந்து போப்பா" என்றேன்.

மறுபடியும் கேட் திறக்கும்போது என் போன் அடித்தது. சந்தாபுராவிலிருந்து காண்ட்ராக்டர் முனிராஜு.

"மேடம், ஒரு பெரியவரு வந்து குந்திக்கினு எழுந்திருக்கவே மாட்டேன்றாரு. ஜேசிபி வந்து நிக்குது. ரோட்டுப் பக்கம் நாலஞ்சு கல்லு பேத்தாச்சு. அதுக்குள்ள இவரு மேல ஏறி குந்திட்டாரு. நீங்க கொஞ்சம் அவரு மகளுக்கு போன் பண்ணி சொல்லுங்க மேடம், வண்டி வேற சைட்டுக்குப் போவணும்."

"எந்தக் கல்லு? எதுக்குப் பேக்கறீங்க?"

"டிராயிங்ல இருக்குதே மேடம். காலையில குரூப்ல அனுப்பினீங்களே. அடிக்கட்டை, அகற்றவும்னு போட்டிருக்குது."

நான் வினோதினியைப் பார்த்தேன். சைட் சுத்தம் செய்ய வரைபடம் வேண்டும் என்று முனிராஜு நச்சரித்துக்கொண்டிருந்தார். புது சாஃப்ட்வேர் அதை உடனே எடுத்துக் கொடுத்ததும் சந்தோஷத்தில் அவள் அனுப்பிவிட்டிருக்கிறாள். "ஆமா மேடம், அங்க ஒரு அடிக்கட்டை இருக்கு. வெட்டின மரத்தோடது. சார் டிராயிங்லயே பேர் போட்டிருக்கார்" என்றாள். குரலில் துளி சந்தேகம் இல்லை. மஞ்சுநாத் அந்த நேரம் பார்த்து டீக்கடைக்குப் போயிருந்தார்.

"முனிராஜு, அங்க பச்சை மரம் நிக்குதா இல்லையா?"

"நிக்குது மேடம். ஆனா டிராயிங்ல மரமே இல்ல. பாதை அது மேலயே நேரா போவுது. அதனால மரத்தோட எடுத்துடச் சொல்றீங்கன்னு நெனச்சேன். சட்டுனு சொல்லுங்க, எடுக்கட்டுமா, வேணாமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். விற்க வந்த தம்பி வேறு திரையை நிறுத்தாமல் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார். எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. ஒருவேளை வேறு எங்காவது நிஜமாகவே ஓர் அடிக்கட்டை இருக்கலாம். அமலாவே மனம் மாறி எடுக்கச் சொல்லியிருக்கலாம். போனில் பின்னால் ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்டது. இழுத்து இழுத்து விடும் மூச்சு. அது எனக்குத் தெரிந்த மூச்சு.

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"என்னமோ கட்டைக்கு கட்டேன்னு பாட்டு மாதிரி சொல்றாரு மேடம். எனக்கு அர்த்தமாவல."

"போனை அவர்கிட்ட குடு."

இழுத்து விடும் மூச்சுக்கு நடுவே மெதுவாகப் பேசினார்.

"அம்மா, நான் வூடு கேக்கல. ரூம்பும் கேக்கல. இந்தக் கட்டைக்கு இந்தக் கட்டே போதும்மா. இத்த மட்டும் வுட்டுடச் சொல்லுங்க."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. உங்களில் கன்னடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தைச் சுற்றி உட்காருவதற்குக் கட்டும் மேடைக்குக் கன்னடத்தில் 'கட்டே' என்று பெயர். நம் தமிழில் 'இந்தக் கட்டை' என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். சாகப்போகிற தன் உடம்பைப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மஞ்சுநாத் அந்த லேயருக்கு வைத்த பெயர் 'கட்டே'. அதை வினோதினி 'கட்டை' என்று படித்திருக்கிறாள். வட்டத்துக்குள் வட்டம் வேறு. அறுத்த மரத்தின் அடிக்கட்டை மேலிருந்து பார்த்தால் அப்படித்தானே இருக்கும்! போகப்போகிற கட்டைக்கு வளைவு எதற்கு என்று பாதையையும் நேராக்கிவிட்டிருக்கிறாள். இரண்டு மொழியும் தெரிந்த ஒரு மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரே வரியில் இரண்டு வார்த்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டார்.

"ஐயா, எழுந்திருக்காதீங்க" என்றேன். "யார் சொன்னாலும் எழுந்திருக்காதீங்க. அப்படியே உக்காந்திருங்க." அப்புறம் முனிராஜுவிடம் வண்டியை அனுப்பிவிடச் சொன்னேன். காரணம் பிறகு சொல்கிறேன் என்றேன். அவர் முணுமுணுத்தார். ஆனால் அனுப்பிவிட்டார்.

உங்களுக்கு இந்த இடத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடுக்கச் சொல்வதற்குத்தான் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெரியவர் பேசியிராவிட்டாலும், அந்த மூச்சு காதில் விழுந்ததற்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன்.

மஞ்சுநாத் டீ குடித்துவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அது கட்டே கணம்மா! உக்கார்ற கட்டே! அரசமரத்து மேடைய அரளிகட்டேன்னு சொல்வாங்களே, கேட்டதில்லயா நீ?"

"நான் கட்டைனு படிச்சேன் சார்." வினோதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஸ்பெல்லிங் கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. ஆனா இங்க எல்லாரும் இஷ்டத்துக்குத்தானே எழுதறாங்க. அது என்னன்னு சாஃப்ட்வேர் கேட்டுச்சு. நான் சொல்லிட்டேன்."

"சரி, ஒரு வார்த்த வாய் தொறந்து என்னைக் கேட்டிருக்கலாம் அல்லவா?"

"நீங்க ஹெட்போன் போட்டிருந்தீங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும், ஏனென்றால் காதுக்கு அவை இரண்டும் வேறு வேறு வார்த்தைகள்.

விற்க வந்த தம்பி முகம் வெளுத்து நின்றார். "மேடம், சாஃப்ட்வேர் மேல தப்பில்ல. அது கேட்டிருக்கு" என்றார். பாவம், விற்பனை போச்சு என்று நினைத்துவிட்டார். மேசையைச் சுற்றி நின்ற பாதிப்பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். பழைய கட்சிக்காரர்கள் முகத்தில் வெற்றிக் களை வந்துவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை யாரும் தூங்கிவிட்டீர்களா என்று கேட்கவில்லை. அந்தத் தம்பி சொன்னது உண்மைதான் என்று தோன்றியது. அது கேட்டது. பழைய சாஃப்ட்வேர் ஒருநாளும் கேட்டதில்லை. அதில் கோடே கோடாகவும், கட்டே கட்டையாகவும் எத்தனை காலம் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் கிடந்திருக்கும். நாங்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டோம் என்ற நினைப்பிலேயே காலம் தள்ளியிருப்போம். புதியது வந்து கேட்டது. ஆனால் சைட்டைப் பார்க்காத பிள்ளையிடம் தனியாகக் கேட்டது. கேட்டதில் குற்றம் இல்லை. ஒருவரை மட்டும் கேட்கும்படி நாங்கள் விட்டதுதான் குற்றம்.

புதியதையே வாங்குவது என்று சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அது ஏதாவது கேட்டால், அதை வரைந்தவரும் சைட்டைப் பார்த்தவரும் பக்கத்தில் நிற்க, பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கும் உங்கள் அலுவலகத்தில் ஒரு வரைபடம் சைட்டுக்குப் போகுமுன் "கட்டே ஆச்சா?" என்று கேட்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். யாரோ ஒருவர் அது ஏதோ ஆங்கிலச் சுருக்கம் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்று மாலையே வினோதினியையும் மஞ்சுநாத்தையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிச் சந்தாபுராவுக்கு அனுப்பினேன். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். மேடம் எழுந்திருக்காதே என்று சொன்னார்களாம். வினோதினி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நிறைய நேரம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பாதையை மறுபடி வளைத்தாள். அந்த மேடையைச் சேர்க்கப் போனால் சாஃப்ட்வேர் வைத்திருந்த வகைகளில் எதுவும் பொருந்தவில்லை. அது சுவரும் இல்லை, தரையும் இல்லை, நாற்காலியும் இல்லை. புதிதாக ஒரு வகையைத் திறந்து 'கட்டே' என்று இரண்டு பேரும் சேர்ந்தே பெயர் வைத்தார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் தோன்றியது, அந்த வீட்டுக்குள் நான் நிஜமாக நடக்கவே இல்லையே என்று. இப்போதுதான் பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ போகிறதே. இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். கேட்டைத் திறந்ததும் கால் தானாக இடது பக்கம் வளைந்தது. அமலா கிளினிக்கில் யாருக்கோ தோள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்பா மரத்தடியில் இருந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். ரோட்டுப் பக்கம் பெயர்ந்த இடத்தில் முனிராஜு வைத்துக் கொடுத்த புதுக் கல் இன்னும் சொரசொரப்பாகத் தனியாகத் தெரிந்தது.

"இந்தப் பக்கம் வாங்கம்மா. பழைய கல்லுல குந்துங்க, அதுதான் ஜில்லுன்னு இருக்கும்" என்று நகர்ந்து இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். புங்கப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் எங்கோ தூரத்தில் நடப்பது போல இருந்தது. பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மாடிப்படி, வராந்தா, அமலாவின் சமையலறை ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் மரம் தெரிகிறது, மரத்தடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை. பக்கத்தில் அவருடைய மூச்சு வரும் என்று காதைக் கொடுத்தேன். அது இருக்கிற சுவடே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தது. அந்த நிம்மதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தோளில் ஒரு கை தொட்டது. கண்ணைத் திறந்தால் வெயில் இடம் மாறியிருந்தது. அமலா டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆமாங்க" என்றேன். "தூங்கிட்டேன்."